இடது கீழ் மூலை

நான்காவது என்று அதை எண்ணலாமா கூடாதா என்று தெரியாமல் பூங்கோதை மைக்ரோஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்தாள். மூன்று சந்தேகமில்லாதவை. கட்டியில் செல்கள் மும்முரமாக இருக்கிற இடமாகப் பார்த்து, ஒன்றையடுத்து ஒன்றாகப் பத்துப் பார்வை வட்டங்கள் நகர்த்திப் பார்த்ததில், இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் மூன்று கிடைத்தன. எட்டாவது வட்டத்தின் இடது கீழ் மூலையில் இன்னொன்று, கறுப்பாக, சுருண்டு, பிரிகிறேனா சாகிறேனா என்று சொல்லாமல் உட்கார்ந்திருந்தது. மூன்றென்றால் கிரேடு ஒன்று. நான்கென்றால் கிரேடு இரண்டு. புத்தகம் தெளிவாகத்தான் சொல்கிறது. செல்லுக்குத்தான் புத்தகம் தெரியவில்லை. டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் அறையின் தகரக்கூரையில் ஒரு காக்கை இங்கிருந்து அங்கே நடந்தது, அங்கிருந்து இங்கே நடந்தது, எதையோ தொலைத்துவிட்ட மாதிரி. ஸ்லைடின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண் மட்டும் இருக்கிறது. பெயர் கிடையாது. பெயர் எழுதுவதில்லை என்பது நல்ல வழக்கம் என்று இத்தனை வருஷமும் நினைத்துவந்திருக்கிறாள். எண்ணுக்குப் பின்னால் யாரோ ஒரு கறிக்கடைக்காரர், யாரோ ஒரு டீச்சர், யாரோ மணப்பாறையிலிருந்து பஸ் ஏறி வந்தவர். இந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது நூர்ஜஹான். இதே அறையில், இதே மேசையில், இந்த இரட்டைத்தலை மைக்ரோஸ்கோப்பின் இன்னொரு தலையில் கண் வைத்து அவளோடு சேர்ந்து பார்த்தவள். தஞ்சாவூரில் ஒரே பெஞ்சில் படித்தவள். இப்போது மூன்றாம் மாடியில் பின்னந்தலையில் கட்டுடன் படுத்திருக்கிறாள்.

பூங்கோதை மறுபடி குனிந்தாள். இளஞ்சிவப்பும் ஊதாவுமாக அந்த உலகம் வந்து கண்ணில் ஒட்டிக்கொண்டது. பிரிகிற செல் என்றால் ஓரத்தில் பிசிறு தெரியவேண்டும், மிக மெல்லிய மயிர்போல. சாகிற செல் வழவழவென்று இருக்கும், மிளகு மாதிரி, பளபளப்பாக, தனக்குள் இழுத்துக்கொண்டு. ஃபோகஸ் திருகைக் கொஞ்சம் மேலே திருப்பினால் பிசிறு இருப்பதுபோல் இருந்தது. கீழே திருப்பினால் வழவழப்பு. மேலே, பிசிறு. கீழே, மிளகு. இப்படியே அரைமணி நேரமா, அதற்கு மேலுமா. சந்தேகம்னா அது கிடையாது, எண்ணாதே என்பது நூரின் சட்டம். நூரின் சட்டம் மட்டுமல்ல, எல்லா நாட்டிலும் அதுதான் சட்டம். ஆனால் சந்தேகம் எங்கேயிருந்து வருகிறது என்று சட்டம் கேட்பதில்லை. இது கறிக்கடைக்காரருடையதாக இருந்தால் சந்தேகம் வந்திருக்குமா? அவள் ஒரு கறிக்கடைக்காரரை வரவழைத்துப் பார்த்தாள். மீசை வைத்தாள். கட்டம் போட்ட லுங்கி கட்டிவிட்டாள். அவருடைய மூளையுறையிலிருந்து எடுத்த கட்டி இது என்று சொல்லிக்கொண்டு பார்த்தாள். உடனே அது மிளகாக இருந்தது. அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா வந்தவுடனேயே, கறிக்கடைக்காரர் முகத்துக்குப் பின்னால் நூர் நிற்பது தெரிந்து, இல்லை, பிசிறு இருக்கிறது, வேண்டுமென்றே பார்க்கமாட்டேன் என்கிறாய் என்று மனசு திருப்பிக்கொண்டது. மனசு நேர்மையாக இருக்கவேண்டும் என்று ஆரம்பித்துவிட்டால் அதற்கு ஒரு அளவே கிடையாது. எண்ணாமல் விட்டால் தோழிக்காக விட்டதாகும். எண்ணினால், தோழிக்காக விட்டதாக ஆகிவிடக் கூடாதே என்பதற்காக எண்ணியதாகும். இரண்டுக்கும் நடுவில் அந்தச் செல் தன்பாட்டுக்கு இருந்தது. அது செத்தே பத்து நாள் இருக்கும். ஃபார்மலினில் விழுந்த கணத்தில் என்ன செய்துகொண்டிருந்ததோ அதைச் செய்தபடியே நின்றுவிட்டது.

மெனிஞ்சியோமா. சொல்லும்போதே வாயில் மெத்தென்று இருக்கிற பெயர். மூளைக்கட்டி என்று சொந்தக்காரர்கள் அழுவார்கள், ஆனால் சரியாகச் சொன்னால் இது மூளையின் கட்டி இல்லை, மூளையைப் போர்த்தியிருக்கிற உறையின் கட்டி. வீட்டுக்குள் வந்த திருடன் இல்லை, கூரையில் வளர்ந்த சுமை. பெரும்பாலும் மெதுவாக வளர்வது, பெரும்பாலும் யாரையும் கொல்லாதது. இந்தப் பெரும்பாலும் என்கிற சொல்லுக்குள்தான் அவள் வேலை இருக்கிறது. பதினைந்து வகை. மூன்று கிரேடு. முதுகலை படிக்கிறபோது அந்த வகைகளை மனப்பாடம் செய்யமுடியாமல் அவள் தவித்ததும், நூர் ஹாஸ்டல் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பட்டப்பெயர் வைத்ததும் ஞாபகம் வந்தது. மெனிஞ்சோதீலியல் வகைக்குக் கூட்டுக்குடும்பம் என்று பெயர். "யார் வீட்டுச் சுவர் எங்க முடியுதுன்னு தெரியாதுடி. எல்லாரும் ஒரே கூடத்துல படுத்திருப்பாங்க" என்றாள். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே கோடு தெரியாது, உண்மைதான். நார் நாராக ஓடுகிற ஃபைப்ரஸ் வகை, பாய். சுண்ணாம்பு மணிகள் நிறைந்த சாமோமேட்டஸ், மணல்திட்டு. கிளியர் செல் வகை, மழைநாள் ஜன்னல். அது பார்க்க வெளுப்பாகச் சாதுவாக இருந்தாலும் கிரேடு இரண்டு. ராப்டாய்டு வகையின் செல்லுக்கு ஒருபக்கமாகத் தொந்தி தள்ளியிருக்கும், அதனால் அது ஏட்டையா. ஏட்டையா ஒரு காலத்தில் பார்த்த மாத்திரத்தில் கிரேடு மூன்று, தோற்றமே குற்றம். பிறகு உலகம் பூராவும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்துவிட்டு, தொந்தி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு கட்டியை மூன்றாம் கிரேடில் தள்ளவேண்டாம், அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார் என்று மாற்றினார்கள். அது வந்த அன்றைக்கு நூர் லேபில் இருந்த எல்லாருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தாள். "மூஞ்சியப் பாத்து குத்தம் சொல்லக் கூடாதுன்னு கடைசில ஒத்துக்கிட்டாங்க பாரு." பூங்கோதைக்கு அது வேடிக்கையாக மட்டும் படவில்லை. எங்கெங்கோ தேசங்களில் முகம் தெரியாதவர்கள், ஆயிரக்கணக்கான ஸ்லைடுகளைக் குனிந்து பார்த்து, இவர் பிழைத்தார் இவர் பிழைக்கவில்லை என்று பின்னாலேயே போய் விசாரித்து, அதிலிருந்து ஒரு கோட்டைக் கிழித்து, பிறகு அந்தக் கோடு சரியில்லை என்று தெரிந்தால் வெட்கப்படாமல் அழித்து வேறு இடத்தில் கிழிக்கிறார்கள். சொன்னதை மாற்றிக்கொள்வதில் இவ்வளவு மரியாதை இருக்கமுடியும் என்று அவளுக்கு வேறு எதிலும் தெரிந்ததில்லை. இப்போது ஜீன்களும் சேர்ந்துவிட்டன. செல் எவ்வளவு அடக்கமாக இருந்தாலும் குறிப்பிட்ட ஒரு ஜீன் காணாமல் போயிருந்தால் நேராகக் கிரேடு மூன்று. நூரின் கட்டியிலிருந்து ஒரு துண்டு அதற்காகச் சென்னைக்குப் போயிருக்கிறது. பதில் வர வாரக்கணக்காகும். அதுவரை இந்தக் கண்தான்.

இந்தக் கண் என்று நினைத்ததும் நெற்றிக்குள் ஏதோ நகர்ந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால்கூட இரண்டு ஜோடிக் கண்கள். எண்ணவேண்டிய ஸ்லைடு வந்தால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்வார்கள். ஒருத்தி நகர்த்துவாள். அம்புக்குறி விளக்கை அணைத்துவிடவேண்டும், எதையும் சுட்டிக்காட்டக் கூடாது. ம் என்றுகூடச் சொல்லக் கூடாது. மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போகிற குறிப்புத்தாளில் ஒன்றைக் கிழித்துப் பாதிப் பாதியாக வைத்துக்கொண்டு, முடிந்ததும் ஆளுக்கொரு எண் எழுதிக் கவிழ்த்து வைத்து, பிறகு ஒன்றாகத் திருப்புவார்கள். ஒத்துப்போனால் டீ. ஒத்துப்போகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. சீட்டாட்டம் என்று லேபில் கேலி செய்வார்கள். பல வருஷங்களாக அந்த இரண்டு தாள்களும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. போன மழைக்காலத்தில்தான் நூருடைய எண் குறைய ஆரம்பித்தது. இவள் ஆறு என்றால் அவள் நான்கு. இவள் ஐந்து என்றால் அவள் மூன்று. ஒருதடவைகூடக் கூடுதல் இல்லை, எப்போதும் குறைவு. வயசாகுதுடி என்று பூங்கோதை சொன்னாள். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். ஒருதடவை கோபமாகக்கூட இருந்தது, இவ்வளவு அலட்சியம் இவளிடம் இருந்ததில்லையே என்று. ஒருநாள் மத்தியானம் நூர், தான் தவறவிட்ட செல்களையெல்லாம் மறுபடி தேடி எடுத்து, ஒரு தாளில் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டு, ஒவ்வொன்றும் வட்டத்தில் எங்கே இருந்தது என்று புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். பூங்கோதை எட்டிப் பார்த்தபோது புள்ளிகள் எல்லாம் இடது கீழ் மூலையில் எறும்பு மொய்த்த மாதிரி இருந்தன. மற்ற இடம் வெள்ளையாக இருந்தது. நூர் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஒரு கண்ணைப் பொத்தி, கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் நகர்த்திப் பார்த்தாள். மற்றக் கண்ணைப் பொத்திப் பார்த்தாள். "ரெண்டு கண்லயும் ஒரே மூலைடி" என்றாள். "அப்ப கண்ணு இல்ல. பின்னாடி வலது பக்கம், மேல ஏதோ அழுத்துது. டூரா உறையில இருந்து வர்றதா இருந்தா நல்லது." ஏதோ பேஷண்டைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவையும் சொல்லிவிட்டு, ஸ்கேனுக்குப் போன் பண்ணு என்றாள். ஸ்கேனில் அவள் சொன்ன இடத்தில், அவள் சொன்ன பக்கத்தில், எலுமிச்சம்பழ அளவில் வெள்ளையாக அது உட்கார்ந்திருந்தது. தன்னுடைய பிழைகளை ஒரு வட்டத்துக்குள் வைத்துப் பார்த்துத் தன் மூளைக்குள் இருப்பதைக் கண்டுபிடித்த ஒருத்தியை அலட்சியம் என்று நினைத்தோமே. அதை நினைக்கும்போதெல்லாம் பூங்கோதைக்கு வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் பெரிதாக வந்தது. தவறை அப்படிப் பார்க்க யாருக்கு வரும். அவளாக இருந்தால் கண்ணாடியை மாற்றியிருப்பாள்.

போன் அடித்தது. ஆபரேஷன் செய்த டாக்டர் ஐசக். "மேடம், மூணு மணிக்கு எல்லாரும் உக்கார்றோம். நூர் மேடம் ரிப்போர்ட் மட்டும்தான் பாக்கி." பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். அவர் தயங்கினார். நல்ல மனுஷர், நூரிடம் ஆபரேஷன் நடுவிலேயே முடிவு கேட்கிற ஃப்ரோசன் செக்‌ஷனுக்காக எத்தனையோ தடவை திட்டு வாங்கியவர். "உங்களுக்குத் தெரியாதது இல்ல மேடம். அந்தப் பெரிய ரத்தக்குழாய்ல ஒட்டிக்கிட்டிருந்த ஒரு துணுக்க நான் எடுக்கல. எடுத்திருந்தா டேபிள்லயே விபரீதமாயிருக்கும். கிரேடு ஒண்ணுன்னா அத அப்படியே விட்டுட்டு அப்பப்ப ஸ்கேன் பாத்துக்கலாம். ரெண்டுன்னா விடமுடியாது, ரேடியேஷன் குடுத்தாகணும்." பார்வை, என்று பூங்கோதை கேட்டாள். "அதான் மேடம். பாக்குற மூளை நேர் கீழ இருக்கு. இப்ப கொஞ்சம் திரும்பிக்கிட்டு வருது. ரேடியேஷன் குடுத்தா அது அப்படியே நின்னாலும் நிக்கலாம், இன்னும் கொஞ்சம் போனாலும் போகலாம். கைய வச்சு சத்தியம் பண்ண முடியாது." ரேடியேஷன் கொடுக்காமல் விட்டால் என்று அவள் கேட்கவில்லை. அது அவளுக்கே தெரியும். இரண்டாம் கிரேடை ஒன்று என்று எழுதி அனுப்பிவிட்டால், மிச்சமிருக்கிற துணுக்கு யாரையும் கேட்காமல் வளரும். அடுத்த தடவை தழும்பைக் கிழித்துக்கொண்டுதான் போகவேண்டும். அடுத்த தடவை எலுமிச்சம்பழம் மரியாதையாக ஓரமாக உட்கார்ந்திருக்காது.

போனை வைத்த பிறகு அறை ரொம்ப அமைதியாக இருந்தது. ஸ்லைடு கழுவுகிற சைலீன் வாடை. பக்கத்து அறையில் மெழுகுக்கட்டியைச் சீவுகிற இயந்திரத்தின் க்ரீச், க்ரீச். நூரின் நாற்காலியில் அவள் போட்டுவைத்த குஷன், நடுவில் பள்ளத்தோடு, ஆள் இருப்பதுபோலவே இருந்தது. ஒரு செல். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, ஒரு மயிரிழையின் குறுக்கே நாலைந்து நிற்கலாம், அதற்கு ஓரத்தில் பிசிறு இருக்கிறதா இல்லையா என்பதில் நூருடைய மிச்சப் பார்வை. ஒருவேளை மூளைக்குள் ஊடுருவியிருந்தால் எண்ணவே தேவையில்லை, அதுவே கிரேடு இரண்டு. அவள் ஓரம் முழுக்க தேடிவிட்டாள், விரல் விட்ட மாதிரி உள்ளே நுழைந்த இடம் எதுவும் இல்லை, கட்டி மூளையைத் தள்ளிவைத்திருக்கிறதே தவிரத் தொடவில்லை. கவலைக்குரிய மற்ற அடையாளங்கள் ஐந்தில் மூன்று இருந்தாலும் இரண்டுதான். அதையும் பார்த்துவிட்டாள், நெருக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதல், மற்றதெல்லாம் இல்லை. எல்லாக் கதவையும் தட்டிவிட்டுக் கடைசியில் இந்த ஒன்றின் முன்னால் வந்து நிற்கிறாள். இவ்வளவு ஒழுங்காகக் கதவுகளை வைத்தவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஏன் கோடு, இயற்கையில் அப்படி ஒரு கோடு இருக்கிறதா என்று மாணவர்கள் கேட்பார்கள். இல்லை. எங்கேயாவது போடவேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு டாக்டரும் தன் பயத்துக்கு ஏற்றபடி ஒரு இடத்தில் போட்டுக்கொள்வான். இது இவளே சொன்ன பதில். வகுப்பில் சொல்லும்போது நன்றாக இருந்தது. மறுபடி குனிந்தாள். எட்டாவது வட்டம். இடது கீழ் மூலை. மேலே, பிசிறு. கீழே, மிளகு. சுற்றிலும் என்னென்னவோ இருந்தன, அவை கலங்கலாக ஒதுங்கிப்போய், அந்த ஒரு கறுப்பு மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. நூருக்குத் தெரியாமல் போன மூலை இது. நூரின் கண்ணுக்கு ஒளிந்துகொள்ளத் தெரிந்து அங்கே போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பைத்தியக்கார நினைப்பு. செல் பாவம், அதற்கு என்ன தெரியும்.

மறுபடி போன். டாக்டர் ஐசக் என்று நினைத்து எடுத்தாள். "என்னடி பண்ற, முட்டை அடகாக்குறியா?" நூர். குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது, கேலி மெலியவில்லை. "காலைல இருந்து ஐசக் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு ரெண்டு தடவ வந்து போயிட்டான். நீ எண்ணி முடிச்சிருந்தா இந்நேரம் சொல்லியிருப்ப. முடிக்கலன்னா நாலுல நிக்கிற." அது வந்து, என்று பூங்கோதை ஆரம்பித்தாள். "பாத்தியா. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல. சரி, சொல்லாத. சொல்லிடாத. நான் கீழ வரேன்." வேண்டாம்டி, நீ பேஷண்டு, உன் ஸ்லைடை நீயே பார்க்கக் கூடாது என்றாள். "கையெழுத்து நீ போடு. நான் சீட்டு மட்டும் எழுதுறேன். தனியா எண்ணினா அது எண்ணிக்கையாடி?" பூங்கோதை அவளுடைய கண்ணை நினைத்தாள். நினைத்ததை நூர் கேட்டுவிட்ட மாதிரி, "எந்த மூல தெரியாதுன்னு எனக்குத் தெரியும்ல. உனக்குத் தெரியாத மூல எதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

சக்கர நாற்காலியில் நர்ஸ் தள்ளிக்கொண்டு வந்தாள். நூர் தலையில் கட்டின்மேல் துப்பட்டாவைத் தளர்வாகப் போட்டிருந்தாள். முகம் வற்றியிருந்தது, மூக்கு இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. அறையை ஒருதடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "என் குஷன்ல யாருடி உக்காந்தா?" என்று கேட்டாள். யாரும் உட்காரவில்லை. நர்ஸிடம், "தாயி, பத்து நிமிஷம். ஓடிப்போயிட மாட்டேன், வெளிய இரு" என்றாள். நாற்காலிக்கு மாறி, இரண்டாவது தலையில் கண்ணை வைத்தாள். பூங்கோதை முதல் வட்டத்துக்குப் போயிருந்தாள். நூரின் மூச்சு கேட்டது. முகம் தெரியாத யாருடைய ஸ்லைடையோ பார்க்கும்போது எப்படி மூச்சு விடுவாளோ அப்படியே, நிதானமாக. "ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ காட்டு. நேரா ஒருதடவ. அப்புறம் அந்த மூலைல இருக்கிறத நடுவுக்குக் கொண்டாந்து ஒருதடவ. வேற எதுவும் சொல்லாத." அம்புக்குறி விளக்கு அணைந்திருக்கிறதா என்று கையை நீட்டித் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நகர்த்த ஆரம்பித்தார்கள். ஸ்லைடு உட்கார்ந்திருக்கிற ஸ்டேஜின் திருகை இடப்பக்கம் திருகினால் படம் வலப்பக்கம் போகும். பூங்கோதையின் கைக்கு அது பழகிப் பழகி, உலகமே அப்படித்தான் என்று ஆகிவிட்டது. ஒன்று. இரண்டு. மூன்றாவது வட்டத்தில் சந்தேகமில்லாத செல் ஒன்று வந்து போயிற்று, நூர் ஒரு அசைவும் காட்டவில்லை. எட்டாவது வந்தது. இங்கேதான் பூங்கோதையின் விரல் நின்றது. நேராகக் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டால், அந்த மூலை நூருக்கு வராது. அப்போது மூன்று. நூரே மூன்று என்று எழுதிவிடுவாள், தாள்கள் ஒத்துப்போகும், டீ. ஒரு திருகு திருகாமல் விட்டால் போதும், அதற்குக்கூட யாரும் பெயர் வைக்கமுடியாது. நூர் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. பூங்கோதை திருகினாள். மூலையிலிருந்த கறுப்பு மெல்ல மேலேறி, நடுவுக்கு வந்து, இருவர் கண்ணுக்கு முன்னாலும் நின்றது. "கொஞ்சம் ஃபோகஸ மேல... கீழ... போதும், அடுத்து" என்றாள் நூர். அவ்வளவுதான் அதற்கு அவள் கொடுத்த நேரம்.

தாளைக் கிழித்துப் பாதி கொடுத்தாள் பூங்கோதை. இருமல் மருந்தின் படம் அவள் பாதியில், விலாசம் நூரின் பாதியில். என்ன எழுதுவது என்று இப்போதும் தெரியவில்லை. நடுவில் பார்த்தபோது வழவழப்பு என்றுதான் பட்டது. பட்டதா, படவேண்டும் என்று பட்டதா. சந்தேகம்னா அது கிடையாது. மூன்று என்று எழுதினாள். கவிழ்த்து வைத்தாள். நூர் தாளைத் தன் வலது பக்கமாகத் தள்ளி வைத்து எழுதினாள், கொஞ்சம் நேரம் எடுத்தது. இருவரும் திருப்பினார்கள். நூருடையதில் நான்கு என்று இருந்தது. பூங்கோதை அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். "அதை... அதைச் சேத்துட்டியா? எட்டாவதுல?" "எது, அந்த மிளகா? அது செத்துப்போனதுடி. ஹவுஸ் சர்ஜன் கிட்ட காட்டினாக்கூட சொல்லுவான்." "அப்ப நாலாவது?" "அதே ஃபீல்டுதான். வலது மேல. திருப்பிப் போய்ப் பாரு." பூங்கோதை திரும்பிப் போனாள். எட்டாவது வட்டம், கண் வழக்கம்போல் இடது கீழ் மூலைக்கு ஓடியது, இழுத்து மேலே கொண்டுவந்தாள். வலது மேல், செல்கள் சுருண்டு நிற்கிற ஒரு சுழிக்குப் பக்கத்தில், வெளிச்சமான ஒரு செல்லுக்குள், எதிரெதிரே வைத்த இரண்டு சீப்புகள்போல, பற்கள் ஒன்றையொன்று நோக்க, சுத்தமாகப் பிரிந்துகொண்டிருந்தது. பாடப்புத்தகத்தில் போடலாம். சந்தேகத்துக்கு ஒரு மயிரிழைகூட இடமில்லை. காலையிலிருந்து அது அங்கேதான் இருந்திருக்கிறது. அரைமணிக்கு மேலாக அதே வட்டத்தில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு அது வரவே இல்லை. "எனக்குத்தான் மூல தெரியலன்னு தலையத் தொறந்தாங்க" என்றாள் நூர். "உனக்கு முக்கால் வட்டம் போயிருக்கு."

சிரித்தது அவள் மட்டும்தான். பூங்கோதையின் கண் நிறைந்து, வட்டம் முழுக்க தண்ணீருக்குள் போய்விட்டது. கண்ணை எடுக்கவும் முடியவில்லை, எடுத்தால் நூர் பார்ப்பாள். சென்னை ரிப்போர்ட் வரட்டும்டி, இன்னொருத்தரிடமும் காட்டலாம் என்று சொன்னாள். "அனுப்பு. காட்டு. எல்லாம் செய். இன்னிக்கு இத எழுது." நூர் தன் பின்னந்தலைக் கட்டைத் தொடாமல் அதன் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, "கண்ணு போனா போகட்டும்னு சொல்ல மாட்டேன். எனக்கு வேணும்" என்றாள். அது மட்டும் கேலி இல்லாத குரலில் வந்தது. பிறகு, "என்ன பேரு போடுவ?" என்றாள். அட்டிபிக்கல் மெனிஞ்சியோமா, கிரேடு இரண்டு, என்றாள் பூங்கோதை. கூட்டுக்குடும்பமும் பாயும் கலந்த அழகான ட்ரான்சிஷனல் என்று காலையில் நினைத்து வைத்திருந்த பெயர், ஒரு செல்லில் மாறிவிட்டது. "அட்டிபிக்கல்னா வழக்கத்துக்கு மாறானது, இல்ல? என் மாமியாருக்கு ஒரு காப்பி அனுப்பு. நிக்காஹ் ஆன நாள்ல இருந்து அதத்தான் அவங்க சொல்லிக்கிட்டிருக்காங்க, ஒரு டாக்டரும் எழுதித் தரல." பூங்கோதை மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். கையெழுத்துப் போட்டாள். பேனா ஓடியது, அதில் அவளுக்கு ஆச்சரியம். இத்தனை நேரம் அசையாமல் கிடந்தது இதுவா என்றிருந்தது. சரியான எண் என்று தெரிந்தபிறகு வருத்தம் வருத்தமாக மட்டும் இருந்தது, வேறு எதுவும் அதில் கலக்கவில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் சங்கு தூரத்தில் ஊதியது. நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "இரு தாயி" என்று நூர் அவளிடம் சொல்லிவிட்டு, மறுபடி கண்ணை வைத்துக்கொண்டாள். "அந்தச் சுழி நெறைய இருந்துச்சே, அந்த இடத்துக்குப் போடி. எண்றதுக்கு இல்ல. சும்மா." பூங்கோதை பெரிதுபடுத்துவதைக் குறைத்து, அந்த இடத்துக்குப் போனாள். சுழிகள் வந்தன, ஒன்றையொன்று சுற்றி, குழந்தையின் உச்சந்தலையில் முடி சுழிக்கிற மாதிரி, நடுவில் சிலவற்றில் மணல்மணி மின்னிக்கொண்டு. "என் தலைக்குள்ள இவ்வளவு வேலப்பாடு நடந்திருக்கு, எனக்கு ஒரு வார்த்த சொல்லல" என்றாள் நூர். மெதுவாக நகர்த்திக்கொண்டே இருந்தாள் பூங்கோதை. எல்லாவற்றையும்விடப் பெரிய சுழி ஒன்று இடது கீழ் மூலையில் எழும்பியது. நூர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அது வரவில்லை. பூங்கோதை திருகைத் திருப்பி அதை வலது பக்கம் மேலே ஏற்றினாள்.

"இது எங்கடி இருந்துச்சு இவ்வளவு நேரம்?" என்றாள் நூர்.